கோர்ஸுக்குக் காசு கட்டுவதற்கு முன்



கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் உம்மா வாப்பாமார் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளும் வாசிக்கலாம், டிக்டொக்கை ஒரு பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு.

போன வருடம் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு, எங்களில் ஒருவரின் வீட்டு வாசலுக்கு ஒரு உம்மா வந்தார். கையில் பிரிண்ட் எடுத்த ஒரு தாள். மகன் எங்களிடம் படித்தவன். வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதி, வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுபோனவன்.

"சேர், இவன் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிக்கிறானாம். காசு கட்டி மூணு மாசமாச்சு. என்ன படிக்கிறான் எண்டு எனக்கு விளங்கல்ல. நீங்க ஒருக்கா கேட்டுப் பாருங்க."

கட்டியது 35,000 ரூபா. ஒரு காப்பை அடகு வைத்த காசு. அது வட்டிக்குப் போகிறது என்று தெரிந்தே வைத்ததாகச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. (அந்தக் குடும்பத்திடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். யார் என்று தேட வேண்டாம்.)

பையனைக் கூப்பிட்டுக் கேட்டோம். மூன்று மாதத்தில் அவன் பார்த்தது நான்கு வீடியோக்கள். வாரத்தில் ஒரு நாள் சூமில் ஒருவர் வந்து, தான் வாங்கிய காரைக் காட்டி, "நீயும் வாங்கலாம்" என்று ஒரு மணித்தியாலம் பேசுவார். அதற்குப் பிறகு வந்த 'பாடம்' இதுதான்: இதே கோர்ஸுக்கு இன்னும் மூன்று பேரைச் சேர்த்துவிடு, உனக்குக் கொமிஷன் வரும். இவன் இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துவிட்டிருந்தான். அவர்களுக்கும் ஒன்றும் வரவில்லை. அதனால் பள்ளிக்குக்கூட அந்தப் பக்க வழியால் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தான்.

உறவுகளே, இதற்குப் பெயர் டிஜிட்டல் மார்க்கெட்டிங் அல்ல. இது பிரமிட் திட்டம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு இதைத் தடை செய்கிறது. நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் விளம்பரப்படுத்துவதும் குற்றம். அதாவது காசைப் பறிகொடுத்த பிள்ளையே, இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் சட்டத்துக்கு முன் குற்றவாளியாக நிற்கலாம். இப்படிப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை இலங்கை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. அதைத் தேடிப் பார்க்க முடியாதவர்களும் ஒரு கேள்வி கேட்கலாம்: வருமானம் எங்கே இருந்து வருகிறது? வெளியாள் ஒருவர் ஒரு பொருளை வாங்குவதால் வருகிறதா, அல்லது புதிதாகச் சேருகிறவர் கட்டும் காசில் இருந்து வருகிறதா? இரண்டாவது என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

அப்படியானால் உண்மையான டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்ன என்று அந்த உம்மா கேட்டார். எங்களுக்கும் தெரியாது. இதை மறைப்பதில் பயன் இல்லை. எங்களில் ஒருவர் தகவல் தொழில்நுட்பம் படிப்பிப்பவர், ஒருவர் வணிகமும் கணக்கீடும், ஒருவர் தமிழ். மூன்று பேரும் சேர்ந்தும் முகநூலில் பெருநாள் வாழ்த்துப் போடுவதற்கு மேல் எதையும் செய்து பார்த்ததில்லை. ஆகவே அந்தப் பையனோடு சேர்ந்து நாங்களும் படிப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் தெரியவந்தது, 35,000 ரூபாவுக்கு விற்கப்படும் விசயங்கள் பெரும்பாலும் இலவசமாகக் கிடக்கின்றன என்பது. கூகுள் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங் அடிப்படைகள்' என்று ஒரு பாடநெறியை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. 26 பகுதிகள், ஏறக்குறைய 40 மணித்தியாலம், இறுதியில் பரீட்சையும் சான்றிதழும். விளம்பரம் போடும் முறையைப் படிக்க கூகுளின் ஸ்கில்ஷொப் இருக்கிறது, பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் புளூபிரிண்ட் இருக்கிறது. ஹப்ஸ்பொட் என்ற அமெரிக்க நிறுவனம் நடத்தும் அகடமியும் இருக்கிறது. நாங்கள் பார்த்தவை எல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் பையனுக்கு ஆங்கிலம் என்றால் பயம். வீடியோவுக்குக் கீழே வரும் எழுத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்து, தெரியாத சொல்லைக் கொப்பியில் எழுதி, இரண்டு மாதத்தில் முடித்தான். வாப்பா கடலால் வந்து தூங்கிய பிறகுதான் அவருடைய போன் இவன் கைக்கு வரும். அந்த நேரத்தில்தான் படித்தான்.

ஆனால் சான்றிதழ் வந்த பிறகும் அவனுக்கு ஒரு பக்கெட் உப்பை விற்கத் தெரியாது. எங்களுக்கும்தான். நீந்துவதைப் பற்றிப் படித்துவிட்டுக் கொக்கிளாய்க் களப்பின் கரையில் நிற்பவர்களைப் போல நின்றோம்.

அப்போதுதான் வணிகம் படிப்பிப்பவர் அவனிடம் கேட்டார்: "உங்கட வீட்டில என்ன விக்கிறீங்க?"

"ஒண்டும் இல்ல சேர்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உம்மா கருவாடு போடுறா. அது சும்மா."

சும்மாவாம். வாப்பா கொண்டுவரும் கட்டாவையும் நெத்தலியையும் அந்த உம்மா வருடக் கணக்காகக் கீறி, உப்பிட்டு, வீட்டுக்குப் பின்னால் பந்தலில் காய வைக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பட்டா லொறி வரும். வருகிறவர் சொல்வதுதான் விலை. அந்தக் கருவாடு கொழும்புக் கடையில் தொங்கும்போது அதில் இந்த உம்மாவும் இல்லை, புல்மோட்டையும் இல்லை. எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. 1957இல் கூட்டுத்தாபனம் தொடங்கிய காலத்தில் இருந்து இந்தக் கரையின் கறுப்பு மணல் கப்பலில் போகிறது. உலகத்தில் வெள்ளைப் பெயின்டுக்கு வேண்டிய சாமான் இந்த மாதிரி மணலில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. எந்தப் பெயின்ட் டப்பாவிலும் எங்கள் ஊரின் பெயரைப் பார்த்ததில்லை. மணல் விசயத்தில் எங்களால் செய்யக்கூடியது குறைவு. கருவாட்டு விசயத்தில் கொஞ்சம் செய்யலாம்.

அன்றில் இருந்துதான் உண்மையான படிப்பு தொடங்கியது.

முதல் பாடம் தேடல். வாங்குகிறவர் கூகுளிலும் முகநூலிலும் என்ன சொல்லைத் தட்டுகிறார்? 'கீவேர்ட்' என்று கோர்ஸ்களில் பெரிதாகச் சொல்வது இதைத்தான். நாங்கள் 'கருவாடு' என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பையன் கருவாடு விற்கும் பக்கங்களைத் தேடித் தேடி, கீழே வந்த கொமன்ட்களை எண்ணினான். வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் சிங்களத்தில் 'கரவல' என்றுதான் கேட்கிறார்கள். கட்டாவுக்கும் அவர்கள் 'கட்டா' என்றே சொல்கிறார்கள். குருநாகலிலும் கண்டியிலும் இருப்பவர் 'புல்மோட்டைக் கருவாடு' என்று தமிழில் தேடப்போவதில்லை. பாடசாலையில் இரண்டாம் மொழிப் பாடம் வந்தால் பின் வாங்கில் போய் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அந்தப் பையன் இப்போது சிங்களம் படிக்கிறான், பரீட்சைக்காக அல்ல. பக்கத்து மீன்வாடியில் இருக்கும் சிங்கள மீனவர் ஒருவர் அவன் எழுதும் விளம்பரத்தைத் திருத்திக் கொடுக்கிறார். முதல் தடவை எழுதிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை அவன் இன்னும் சொல்லிக் காட்டுவான்.

தமிழில் எழுதும்போது இன்னொரு தவறு கண்டோம். எங்கள் பிரிண்டிங் கடைகளில் பழகிய பாமினி எழுத்துரு. அதில் தட்டியதை அப்படியே முகநூலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். படமாக்கிப் போட்டால் கண்ணுக்குத் தமிழ், தேடலுக்கு வெறும் படம். யூனிகோட்டில், படத்துக்கு வெளியே எழுத வேண்டும். போனில் தமிழ் விசைப்பலகை போட்டால் போதும். நோட்டீஸ் போடும் ஊர்ச் சங்கங்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறோம்.

அடுத்தது படம். பையன் யூடியூபில் பார்த்து, கனவாவில் வடிவமைத்து, முதல் படத்தை எங்களுக்குக் காட்டினான். பொன் நிறத்தில் மின்னும் கருவாடு. நிறத்தைக் கூட்டியிருக்கிறான். மேலே நல்ல துண்டுகளை அடுக்கி, உடைந்ததைக் கீழே மறைத்திருக்கிறான். தமிழ் படிப்பிப்பவர் ஒன்றும் ஏசவில்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவத்தை நினைவூட்டினார். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, நனைந்ததை ஆட்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்றுதான் கேட்டார்கள். பையன் படத்தை அழித்துவிட்டான். இப்போது அவன் போடுவது மூன்று படம்: பந்தலில் காய்வது, தராசில் நிறுப்பது, உடைந்த துண்டு தெரியும்படி கையில் பிடித்தது. நிறை, காய வைத்த திகதி, விலை மூன்றும் எழுத்தில். 'விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்' என்று எழுதக்கூடாது என்பதை நாங்களே சட்டமாக்கினோம். எங்களுக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

இனி நட்டக் கதை.

கொஞ்சப் பேர் வாங்கத் தொடங்கியதும் விளம்பரம் போட்டுப் பார்க்கலாம் என்று நாங்கள் மூவரும் ஆளுக்கு 1,000 ரூபா போட்டோம். எங்கள் பெயரில் உள்ள கணக்கில்தான் போட்டோம். பள்ளிப் பிள்ளைகளின் கையில் வங்கி அட்டையைக் கொடுக்காதீர்கள். நான்கு நாள் ஓடியது. 6,400 பேர் பார்த்தார்கள், 212 லைக். வீட்டில் ஒரே சந்தோசம். பிறகு கொப்பியை எடுத்து எழுதினோம். செய்தி அனுப்பியவர்கள் 41. வாங்கியது 9 பக்கெட். அரைக் கிலோ பக்கெட் ஒன்றில் செலவு போக மிஞ்சுவது 180 ரூபா. ஒன்பதுக்கும் 1,620. விளம்பரத்துக்குப் போனது 3,000. நட்டம் 1,380 ரூபா.

யார் லைக் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தோம். முக்கால்வாசி எங்கள் ஊர், குச்சவெளி, நிலாவெளி. கருவாடு காயும் கரைக்கே கருவாட்டை விளம்பரம் செய்திருக்கிறோம்! அவர்கள் பையனைத் தெரிந்த பாசத்தில் லைக் போட்டார்கள், வாங்க எதற்கு? இரண்டாம் தடவை 1,500 ரூபா. கண்டியும் குருநாகலும் மட்டும், சிங்களத்தில் மட்டும். லைக் 11தான் வந்தது. செய்தி 19, விற்றது 12 பக்கெட். 2,160 வந்து 660 மிஞ்சியது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் அடுத்த மாதம் தாங்களாகவே மறுபடி கேட்டார்கள். அதற்கு விளம்பரச் செலவு இல்லை. எட்டாம் வகுப்பில் படிப்பித்த வீதக் கணக்குத்தான் இது. 'இதெல்லாம் எதுக்கு சேர்' என்று அப்போது கேட்டவனும் இவன்தான்.

பொதி அனுப்புவதிலும் அடிபட்டோம். வெறும் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி அனுப்பிய பொதி மணம் வீசித் திரும்பி வந்தது. பிறகு காற்றை உறிஞ்சி அடைத்துக் கொடுக்கும் கடை ஒன்றைத் திருகோணமலை நகரில் கண்டுபிடித்தோம். 50 கிலோமீற்றருக்கு மேல் பஸ் பயணம், ஆனால் மொத்தமாகக் கொண்டுபோனால் கட்டுப்படியாகிறது. வாடைக்காற்றுத் தொடங்கும் நேரத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை அனுப்பிவிட்டு, கண்டியில் ஒரு பெண்மணி பூஞ்சணம் பிடித்த படத்தை அனுப்பினார். பையன் அவரைப் புளொக் பண்ணப் பார்த்தான். நாங்கள் விடவில்லை. முழுக் காசையும் திருப்பி அனுப்பி, மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னோம். அவர் திரும்ப வாங்கவில்லை. அதுவும் நடக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் பதிவை எழுத எங்களைத் தூண்டிய இரண்டாவது காரணம் அதுதான்.

அபாயா தைக்கும் ஒரு மாணவி. கை அவ்வளவு நேர்த்தி. முகநூலில் பக்கம் திறந்து தன் நம்பரைப் போட்டாள். இரண்டாம் நாளில் இருந்து இரவு பதினொரு மணிக்கு 'ஹாய்', 'தங்கச்சி தூங்கலையா' என்று வரத் தொடங்கியது. நானா கண்டுவிட்டு, பக்கத்தை மூடி, போனையும் வாங்கிவிட்டார். அவரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் செய்தி அனுப்பியவனுக்கு ஒன்றும் இல்லை, தைத்தவளின் தொழில்தான் நின்றது.

அவளுடைய வாப்பாவோடு நாங்கள் போய் இருந்து கதைத்தோம். அவர் கேட்டது நியாயமான கேள்விகள்: முகம் தெரியுமா, குரல் கேட்குமா, யார் பதில் சொல்வது? நாங்கள் ஒரு வழி சொன்னோம். புதிய சிம் ஒன்று உம்மாவின் போனில். அதில் வட்ஸ்அப் பிஸ்னஸ். பக்கத்தில் அவளுடைய பெயர் இல்லை, கடைக்கு ஒரு பெயர். வீடியோவில் துணியும் ஊசியும் கையும் மட்டும். காலை ஒன்பதில் இருந்து மாலை ஐந்து வரைதான் பதில். மற்ற நேரம் தானாகப் போகும் செய்தி. உம்மா கேட்பார், மகள் எழுதுவாள். வாப்பா ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

அந்தப் பிள்ளை எங்களுக்கே படிப்பித்த ஒன்று உண்டு. வட்ஸ்அப்பில் ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் 'புரோட்காஸ்ட்' பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். நாங்கள் யாருக்கும் போகவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அவள்தான் உதவிப் பக்கத்தை வாசித்துக் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொதிக்குள்ளும் ஒரு சிறிய துண்டு வைக்கிறாள்: இந்த நம்பரைச் சேமித்தால் புதிய தையல் வரும்போது தெரிவிப்போம். ரமழானில் பதினைந்தாம் நோன்போடு ஓடர் எடுப்பதை நிறுத்தினாள். "இன்னும் பத்துப் பேர் கேக்குறாங்களே" என்று நாங்கள் சொன்னோம். "பெருநாளைக்கு முதல் குடுக்க ஏலாது டீச்சர், பொய் சொல்ல வேணாம்" என்றாள்.

இந்தத் துறையில் வேலை செய்ய விற்பதற்குச் சொந்தப் பொருள் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஊரில் ஒரு முச்சக்கர வண்டி திருத்தும் கடை கூகுள் வரைபடத்தில் வேறெங்கோ காட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாணவன் கடைக்காரரின் அனுமதியோடு கூகுளில் அந்தக் கடையைப் பதிவு செய்து, இடத்தைச் சரியாக்கி, திறக்கும் நேரத்தையும் படத்தையும் போட்டான். செலவு ஒன்றும் இல்லை. அரிசிமலைக்கு வந்த வண்டி ஒன்று இடையில் நின்றபோது அதைப் பார்த்து வந்தார்களாம். நிலாவெளிப் பக்கம் எத்தனை சிறிய தங்குமிடங்கள் இருக்கின்றன! அவர்களுக்கு இந்த வேலை செய்து கொடுக்க ஒரு பிள்ளை கொழும்புக்குப் போகத் தேவையில்லை.

யூடியூபர் ஆகப் போகிறோம் என்று சொல்லும் தம்பிமாருக்கும் ஒன்று. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக்காரர்கள் 2018இல் வில்லேஜ் குக்கிங் சானலைத் தொடங்கினார்கள். தாத்தாவும் பேரன்மாரும் வயலில் அடுப்பு மூட்டிச் சமைத்ததைத்தான் காட்டினார்கள். 2021இல் அவர்களைப் பின்தொடர்ந்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். பாருங்கள், ரசியுங்கள். கமெராவை எங்கே வைக்கிறார்கள், எவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ஆனால் அப்படி ஒரு சானல் மேலே வரும்போது பார்க்க ஆள் இல்லாமல் கிடப்பவை எத்தனை என்பதை யாரும் காட்டுவதில்லை. கண்டியில் பன்னிரண்டு பேர் கருவாடு வாங்குவதற்கு ஒரு கோடிப் பேர் தேவைப்படவில்லை.

வரும் சனிக்கிழமை அசருக்குப் பிறகு பாடசாலைக் கணினி அறையில் இருப்போம். அதிபரிடம் அனுமதி எடுத்தாகிவிட்டது. கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. வருகிறவர்கள் வீட்டில் விற்கும் ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். கருவாடோ, தைத்த சட்டையோ, உம்மா போடும் ஊறுகாயோ, எதுவானாலும் சரி. ஒன்றும் இல்லாதவர் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு ஒன்றைக் கொண்டுவரட்டும். இரண்டு பேருக்கு ஒரு போன் போதும். ஒரு கொப்பியும் பேனாவும் கட்டாயம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், உம்மாவோடு வரலாம். சிங்களம் தெரிந்த பெரியவர்கள் யாராவது வாரத்தில் ஒரு மணித்தியாலம் வந்து உதவினால் எங்களுக்குப் பெரிய உபகாரம்.

அந்த 35,000 திரும்பி வரவில்லை. முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். தான் சேர்த்துவிட்ட இரண்டு கூட்டாளிகளிடமும் பையன் போய் மன்னிப்புக் கேட்டான். ஒருவன் இப்போது அவனோடு சேர்ந்து பொதி கட்டுகிறான். மற்றவன் இன்னும் கதைப்பதில்லை.

காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது. பையனின் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'உம்மாட காப்பு' என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே மாதம் மாதமாகச் சிறிய சிறிய தொகைகள். போன வாரம் பார்த்தபோது 21,400 என்று இருந்தது. இது வாடைக்காலம், கடலும் சரியில்லை, வெயிலும் இல்லை. அடுத்த பொதி மாசிக்குப் பிறகுதான் என்று வாங்குகிறவர்களுக்கெல்லாம் அவன் முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டான், மூன்று மொழியிலும்.